வில்லின் கைகளை வாட்டி வளைக்க: ஹீட் கன்னா, நீராவியா?

ஒரே கட்டையில் செதுக்கும் வில் சூடு காணாமல் முடிவது அரிது. வில் செய்யப் பயன்படும் அமெரிக்க மரமான ஓசேஜ் ஆரஞ்சு பிளக்கும்போதே முறுக்கிக்கொண்டுதான் வரும். பூட்டிய நாண் பிடியின் நடுவே போகாமல் ஒருபக்கம் ஒதுங்கினால், இழுக்கும்போது வில்லின் கை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, திருகிவிடும். சிலம்பக் கம்பை வாட்டி நிமிர்த்துகிறார்களே, அதே வேலைதான். இங்கே பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

உலர்ந்த மரமென்றால் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி. 4, 5 அங்குலம் தள்ளிப் பிடித்து, வளைய வேண்டிய இடத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே இருங்கள். வில்லாளியைப் பார்க்கும் பக்கத்தில்தான் சூடு காட்ட வேண்டும். மறுபக்கம் விரல் பொறுக்காத அளவுக்குச் சுட்ட பிறகே கிளாம்பை முறுக்கலாம். அவசரப்பட்டால் மேலே கருகி உள்ளே ஆறிக்கிடக்கும் மரம் வளையாது, முறியும். லேசாக எண்ணெய் தடவினால் கருகல் குறையும். கிளாம்புக்கு அடியில் தோல் துண்டு கட்டாயம். சூடான மரத்தில் தடம் அப்படியே பதிந்துவிடும். சற்று மீளும் என்பதால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்து, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். மூங்கில் ஒட்டிய வில்லில் இந்த வேலையே வேண்டாம், பசை இளகும்.

நுனியை மட்டும் இறுக்கமாக முன்னோக்கி வளைக்க நீராவிதான் சரி. அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. அரை அங்குல நுனிக்கு அரை மணி. வெளியே எடுத்தால் சில நொடிகளில் அச்சில் ஏற்றியாக வேண்டும். சிம்பு கிளம்புவது வில்லாளி பக்கத்தில், ஏனெனில் வளைவின் வெளிப்புறம் அதுதான். மெல்லிய தகட்டுப் பட்டையை அங்கே சேர்த்து வளைத்தால் அடங்கும்.

நாள்பட்ட உழைப்பில் ஹீட் கன் வளைவே முந்துகிறது; நீராவி வளைவு மெல்ல நிமிரப் பார்க்கும். ஹிக்கரி ஈரத்தை நன்றாகக் குடிக்கும் மரம். வில்லாளி பக்கத்தைக் காபி நிறத்துக்கு வாட்டினால் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆனாலும் மழைக்காலத்தில் கொஞ்சம் தளரும். ஓசேஜுக்கு அந்தத் தொல்லை குறைவு.

பல வில்கள் உடைவது வளைக்கும்போது அல்ல, அடுத்த நாள் ஆசையாக நாண் ஏற்றும்போது. ஹீட் கன் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் முதுகு, அதாவது வில்லாளிக்கு மறுபக்கம், மொறுமொறுப்பாகி அறும். நீராவிக்குப் பின் நிலைமை நேரெதிர்: நனைந்த மரம் இழுத்த பக்கமே சாய்ந்து நின்றுவிடும். முன்னதற்கு ஒரு வாரம், பின்னதற்கு இரண்டு வாரம் விடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறுவதும் இறங்குவதும் நின்ற பிறகுதான் நாண்.