கேம்பர் சரிசெய்கிறோம் என்றால் உடனே வண்டியை இறக்கச் சொல்லுங்கள்

வீல் அலைன்மென்ட் கடையில் “கேம்பர் அவுட் ஆகியிருக்கிறது சார், சக்கரத்துக்கு 600 ரூபாய் ஆகும்” என்று, அதாவது சக்கரத்தின் சாய்வு தப்பியிருக்கிறது என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஒரு வேலையால் என் ஸ்விஃப்டின் புது முன் டயர்கள் இரண்டும், வலது ஷாக் அப்சார்பரும் பாழாகிவிட்டன.

புது டயர் போட்ட கையோடு, பைபாஸ் ஓரத்தில் பெரிய திரையெல்லாம் வைத்திருக்கும் ஒரு கடையில் வண்டியை விட்டேன். வலது முன்சக்கரத்துக்கு நேராக ஒரு சிவப்பு எண்ணைக் காட்டினார்கள். ஒரு பையன் ஹைட்ராலிக் கருவி ஒன்றைச் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டி அழுத்தினான். சிவப்பு எண் பச்சையாக மாறியது. தாளை அச்சிட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து நேரான சாலையில் ஓட்டினால் ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “புது டயர் சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்கள். டயர் எவ்வளவு ஓடினாலும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. 4,000 கிலோமீட்டருக்குள் இரண்டு முன் டயர்களிலும் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது.

அலைன்மென்ட்டில் பார்ப்பது மூன்று கோணங்கள். சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது காஸ்டர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்பக்கம் நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில், நிறுவனமே திருப்பிச் சரிசெய்ய வழி வைத்திருப்பது முன்சக்கர டோ ஒன்றுக்குத்தான். கேம்பருக்குத் திருகாணி கிடையாது. ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிணைக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் துளையில் இருக்கும் சிறு இடைவெளி அளவுக்கு நகரும், அவ்வளவே. அதற்கு மேல் கேம்பர் தப்பியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். இவர்கள் செய்வதோ, நல்ல இரும்பை அழுத்தி வளைத்து எண்ணைப் பச்சையாக்குவது.

கொடுமை அதோடு நிற்பதில்லை. கேம்பர் மாறினால் டோவும் சேர்ந்து மாறும். அதனால்தான் டோவைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. என் வண்டியில் டோவை முடித்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்ட்ரட்டை வளைத்திருக்கிறார்கள்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் பழைய அம்பாசடர் காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கும் அண்ணன். முதலில் டயரில் உள்ளங்கையை வைத்துத் தடவச் சொன்னார். உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கியது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல்லைப் போல் கையைக் கிழித்தது. “இது டோ-அவுட் தம்பி, சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பியிருக்கிறது. கேம்பர் தேய்மானம் இப்படி அரம் பிடிக்காது, வழவழவென்று ஒரே பக்கம் கரையும்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். வலது ஸ்ட்ரட் குழாயில் கருவி கவ்விய இடத்தில் இரண்டு தடம். பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. அதற்கு மேலே எண்ணெய்க் கசிவு.

பிறகு வீட்டு வாசலிலேயே அளந்தோம். தரை சமமாக இருக்க வேண்டும், நான்கு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். வண்டிக்கு இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினோம். முன் சக்கர மையத்திலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக வேண்டும்; பின்சக்கரத்திலும் அப்படியே. இதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஒரு முனையை நகர்த்தினால் மறு முனை கெடும். அது அமைந்த பிறகு, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புக்கு எவ்வளவு என்று இரும்பு ஸ்கேலால் பார்க்க வேண்டும். இடது சக்கரத்தில் இரண்டும் சமம். வலது சக்கரத்தில் முன் விளிம்பு 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. 14 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 0.15 டிகிரி. ஆக முக்கால் டிகிரி! கடைக்காரர் கொடுத்த தாளில் 0.05 என்று பச்சையில் இருக்கிறது. அந்தத் தாளின் மேல்வரியில் அச்சாகியிருந்த வண்டிப் பெயரும் என்னுடையது அல்ல, ஏதோ ஒரு செடான்.

வலது டை ராடின் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று திருப்புவதும், வண்டியை முன்னும் பின்னும் உருட்டி மறுபடி அளப்பதுமாக அண்ணன் சரிசெய்தார். ராடு திரும்பும்போது ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார். முடிவில் நட்டை இறுக்கினார். ஸ்டீயரிங் நேரானது. நீங்கள் செய்வதானால், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டீயரிங் கோண சென்சாரையும் ஸ்கேனரால் மறு அமைப்பு செய்ய வேண்டியிருக்கும். அதை வாசலில் செய்ய முடியாது. ஆனால் அளந்து பார்க்க எந்த வண்டிக்கும் நரம்பும் ஸ்கேலும் போதும்.

கடைக்குப் போனால் கூட நிற்க விடவில்லை என்றாலே சந்தேகப்படுங்கள். திரையில் உங்கள் வண்டியின் மாடல்தானா, ஸ்டீயரிங்கைப் பூட்டினார்களா, அளவெடுக்கும் கிளாம்பைச் சக்கரத்தில் மாட்டியபின் வண்டியை உருட்டினார்களா என்று பாருங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு அளவும் உள்ள தாளைக் கேளுங்கள். வண்டி லேசாக இடது பக்கம் ஒதுங்குகிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கின்றன. பலமாக இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்.

புகைப்படங்களோடு போய்க் கேட்டபோது, “மெஷின் பொய் சொல்லாது சார்” என்றார் உரிமையாளர். தாளில் இருந்த செடான் பெயரைக் காட்டியதும் அலைன்மென்ட் கட்டணத்தைத் திருப்பித் தந்தார். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் பொறுப்பேற்க மாட்டேன் என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். கழற்றிய ஸ்ட்ரட்டையும் அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பழைய பாகத்தைக் கடையில் விட்டுவிடாதீர்கள், கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.