கைக்கொடியா, மின்னும் விளக்கா? கடலில் எதை நம்பலாம்

ரேடியோ வந்த பிறகும் போர்க்கப்பல்கள் பல நேரம் அதைத் தொடாமலே ஓடின. எதிரியின் காதிலும் விழுமே! அப்போது கைகொடுத்தவை மூன்று: இரண்டு கையிலும் கொடி பிடித்துக் காட்டும் செமாஃபோர், குட்டையும் நீளமுமான ஒளிகளால் எழுத்தைச் சொல்லும் மோர்ஸ் முறையில் மின்னும் விளக்கு, கயிற்றில் ஏற்றும் கொடிகள்.

வேகம் என்று பார்த்தால் செமாஃபோர்தான் முதலில். கைகள் 45 பாகை இடைவெளியில் எட்டுத் திசைகளில் நிற்கும். இரண்டு கையும் நிற்கிற நிலையே எழுத்து. ஒரு வீச்சு, ஒரு எழுத்து. மோர்ஸில் ‘கியூ’ என்ற ஒரே எழுத்துக்கு நீளம், நீளம், குட்டை, நீளம் என்று நாலு முறை மின்ன வேண்டும். செமாஃபோருக்கு மின்சாரமும் வேண்டாம். ஆனால் இருட்டினால் கதை முடிந்தது. தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் சில மைலைத் தாண்டாது. பக்கத்தில் பக்கத்தில் ஓடியபடி எண்ணெய் மாற்றிக்கொள்ளும் கப்பல்களுக்கு அது போதும்.

விளக்கு மெதுவானது, ஆனால் பகலிலும் இரவிலும் வேலை செய்யும். கையில் பிடிக்கும் ஆல்டிஸ் விளக்கில் விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆடி சாய்ந்து ஒளிக்கற்றை எதிர்க்கப்பலை நோக்கித் திரும்பும். கற்றை குறுகலானது என்பதால் குறிவைத்த கப்பலைத் தவிர மற்றவர்கள் கண்ணில் படுவது கடினம். இரவில் அந்தக் குறுகிய ஒளிகூட ஆபத்து என்று இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அகச்சிவப்பு வடிகட்டி மாட்டிப் பயன்படுத்தியது. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு நீண்ட மின்னல் பதிலாக வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சொல்லை மறுபடி அனுப்ப வேண்டும்.

ஏற்றுகிற கொடியின் கவர்ச்சி, ஒரே கணத்தில் மொத்தப் படைக்கும் கட்டளை சொல்லிவிடலாம் என்பது. புகை வந்தாலோ, காற்று கொடியைப் பார்ப்பவரின் நேர்கோட்டில் நீட்டினாலோ எதுவும் தெரியாது. பிரிட்டிஷ் தளபதி பீட்டிக்கு இது இரண்டு முறை காலை வாரியது.

1915 ஜனவரி 24, வடகடலில் டாகர் பேங்க் சண்டை. அவருடைய லயன் கப்பல் அடிபட்டு மின்சாரம் போய்விட்டது. விளக்கும் இல்லை, ரேடியோவும் இல்லை. மிஞ்சியது இரண்டே கொடிக்கயிறு. ‘வடகிழக்கே திரும்பு’, ‘எதிரியின் கடைசி வரிசையைத் தாக்கு’ என்ற இரண்டு கட்டளைகளும் சேர்ந்து பறக்க, ‘வடகிழக்கில் இருக்கும் கடைசி வரிசையைத் தாக்கு’ என்று மற்றவர்கள் படித்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே நொறுங்கிப்போன ப்ளூஹர் கப்பலை மொய்க்க, மற்ற ஜெர்மன் கப்பல்கள் தப்பின. இங்கே கொடியைக் குறைசொல்ல முடியாது. வேறு வழி இருக்கவில்லை.

டென்மார்க்குக்கு அருகே நடந்த ஜட்லண்ட் கடற்சண்டையில் அந்தச் சாக்குக் கிடையாது. 1916 மே 31, பிற்பகல் 2.32. தென்கிழக்குப் பக்கம் திரும்பச் சொல்லி லயனில் கொடி ஏறியது. ஐந்து மைல் தள்ளி வந்த, பீட்டியின் கீழிருந்த தளபதி இவான்-தாமஸின் நான்கு பெரிய போர்க்கப்பல்களுக்குப் புகையில் அது தெரியவில்லை. தேடொளி விளக்கு கைவசம் இருந்தும் உடனே அதில் சொல்லவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் ஏழெட்டு நிமிடம் போய், இடைவெளி சுமார் பத்து மைலாகிவிட்டது. அவற்றின் 15 அங்குல பீரங்கிகள் சண்டைக்குப் பிந்தி வந்து சேர்ந்தன. முன்னால் போனவர்கள் திரும்புவதைப் பார்த்த பிறகும் இவான்-தாமஸ் ஏன் காத்திருந்தார் என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே ஓயவில்லை, அது தனிக் கதை.

ஆக என் வரிசை இப்படி: முதலில் விளக்கு, பக்கத்துக் கப்பலோடு பகலில் நீளமாகப் பேச செமாஃபோர், கடைசியில் ஏற்றுகிற கொடி. சர்வதேச விதிகளும் கிட்டத்தட்ட இந்தப் பக்கமே நிற்கின்றன. வணிகக் கப்பலில் காவல்பொறுப்பு ஏற்கும் அதிகாரி இன்றைக்கும் எஸ்ஓஎஸ்ஸையும் ஒற்றை எழுத்துக் குறிகளையும் மோர்ஸ் விளக்கில் அனுப்பவும் வாங்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். செமாஃபோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.