க்ளாம்ஏவி: லினக்ஸ் சர்வரில் இருக்கட்டும், மடிக்கணினியில் வேண்டாம்

லினக்ஸுக்கு மாறியவர்கள் வைஃபையும் பிரிண்டரும் ஓடத் தொடங்கியதும் அடுத்ததாகக் கேட்பது, "சரி, ஆன்டிவைரஸ் எதைப் போடுவது?" என்றுதான். "லினக்ஸுக்கு வைரஸே கிடையாது, விடு" என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. 1996-இல் ஸ்டாக், 1997-இல் பிளிஸ் என்று லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட வைரஸ்கள் அப்போதே வந்துவிட்டன. 2016-இல் மிராய் என்ற கெட்ட நிரல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து ஒரு படையே திரட்டியது. அவற்றுக்குள் ஓடியதும் லினக்ஸ்தான். ஆக, கேள்வி நியாயமானது. ஓர் ஆன்டிவைரஸை நிறுவிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்துவிடுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. ஃபைல் சர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. ஊழியர்களில் சிலருக்கு உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை, சிலருக்கு விண்டோஸ். சர்வரிலும் உபுண்டு மடிக்கணினிகளிலும் க்ளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸை நன்றாகப் பழகிப் பார்த்துவிட்டேன். சர்வரிலிருந்து அதை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். மடிக்கணினிகளிலிருந்து எடுத்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். க்ளாம்ஏவி ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். சிஸ்கோவின் டாலோஸ் பாதுகாப்புக் குழு பராமரிக்கிறது; 2013-இல், இதை வைத்திருந்த சோர்ஸ்ஃபயர் நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியபோது இதுவும் கூடவே போனது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் அவற்றின் சொந்த மென்பொருள் கிடங்கான ரெப்போவிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். காசு கேட்பதில்லை. "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று திரையின் மூலையில் பெட்டி காட்டிப் பயமுறுத்துவதில்லை. ஃப்ரெஷ்க்ளாம் என்ற சிறு நிரல் பின்னணியில் இருந்து, தெரிந்த வைரஸ்களை இனம் காட்டும் வைரஸ் அடையாளங்களைத் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது.

எங்கள் சர்வரில் இது செய்யும் வேலையைப் பாருங்கள். விலைப்பட்டியல் என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பு மின்னஞ்சலில் வருகிறது. உள்ளே இருப்பது பெயரில் பிடிஎஃப், கடைசியில் இஎக்ஸ்இ, அதாவது விண்டோஸில் ஓடும் நிரல். உபுண்டு வைத்திருப்பவர் அதைக் க்ளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. அவரும் "எனக்குத் திறக்கவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று பொது ஃபோல்டரில் போட்டுவிடுவார். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் விண்டோஸ்காரர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் க்ளாம்ஏவி நிற்கிறது. ஜிப்பைப் பிரித்து உள்ளே பார்க்கிறது, மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒளிந்திருக்கும் வேர்டு கோப்புகளையும் பார்க்கிறது, தெரிந்த சரக்காக இருந்தால் பிடித்துவிடுகிறது. லினக்ஸ் கணினிக்கு அந்தக் கோப்பால் ஒரு கேடும் இல்லைதான். ஆனாலும் நம் கை வழியாக அடுத்தவருக்கு நோய் போகக் கூடாது அல்லவா? மெயில் சர்வர், ஃபைல் சர்வர் வைத்திருக்கும் எவரும் இதைப் போடாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது. ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆன்டிவைரஸ் நிரல்கள் இதை வைரஸ் என்று அறிவிக்க வேண்டும் என்பது பொது ஏற்பாடு. அதைப் பொது ஃபோல்டரில் போட்டுப் பாருங்கள். கத்தவில்லை என்றால் அமைப்பில் ஏதோ கோளாறு.

இனி மடிக்கணினிக்கு வருவோம்.

நிறுவியதுமே காவல் தொடங்கிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோதிக்கும் கட்டளையான க்ளாம்ஸ்கேன் நாம் ஏவினால்தான் ஓடும். கோப்பு திறக்கப்படும்போதே சோதிக்க வேண்டுமானால் க்ளாம்ஆனக் என்ற தனி நிரலை ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓட்ட வேண்டும். அதுவும் இயல்பு அமைப்பில் எச்சரிக்கை மட்டும்தான் செய்யும். தடுக்க வேண்டும் என்றால் அமைப்புக் கோப்பில் நாமே எழுதிவைக்க வேண்டும்.

க்ளாம்ஸ்கேன் ஒவ்வொரு முறையும் வைரஸ் அடையாளங்கள் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும். ஒரே ஒரு கோப்பைச் சோதிக்கச் சொன்னாலும் கட்டளை தட்டும் டெர்மினல் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும். புதியவர்கள் தொங்கிவிட்டது என்று எண்ணி மூடிவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க, அடையாளங்களை நினைவகத்திலேயே வைத்திருக்கும் க்ளாம்டி சேவையை எப்போதும் ஓடவிடலாம். அது 1 ஜிபிக்கு மேல் ரேமைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அடையாளங்களைப் புதுப்பிக்கும் சில நொடிகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுக்கத்தானே பலரும் லினக்ஸ் போடுகிறோம்? அங்கே இது நியாயமே இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, அளவு வரம்பு. 0.105 பதிப்பிலிருந்து ஒரு கோப்புக்கான இயல்பு வரம்பு 100 எம்பி. அதைவிடப் பெரிய கோப்பைச் சோதிக்காமல் தாண்டிப் போய்விட்டு, நல்ல கோப்புகளின் கணக்கிலேயே சேர்த்துவிடும். வரம்பு மீறியதை எச்சரிக்கையாகக் காட்டச் சொல்லும் ஆப்ஷன் உண்டு. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மற்றது இதைவிட மோசம். மெயில் நிரலான தண்டர்பேர்டு இயல்பாக ஓர் இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. அதில் எங்கோ கிடக்கும் ஒரு பழைய ஸ்பேம் மெயிலில் வைரஸ் இருந்தால், க்ளாம்ஏவிக்கு அந்த முழுக் கோப்புமே வைரஸ்தான். க்ளாம்ஸ்கேனை "ரிமூவ்" ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் இன்பாக்ஸ் மொத்தமும் போய்விடும். நோயை மட்டும் வெட்டி எடுத்துக் கோப்பைத் திருப்பித் தரும் வசதி இதில் இல்லை. அதனால் ரிமூவ் ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள். முதலில் பட்டியல் மட்டும் எடுங்கள், கண்ணால் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சரி, இவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொண்டால் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குக் காவல் கிடைக்குமா? இதுவரை ஆபத்து எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்கான சுட்டியை, பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். 2018-இல் ஸ்னாப் ஸ்டோர் என்ற மென்பொருள் கடையில் ஒரு சாதாரண விளையாட்டுக்குள் கிரிப்டோ மைனர், அதாவது நம் கணினியைக் கொண்டு அடுத்தவருக்குக் கிரிப்டோ காசு சம்பாதிக்கும் நிரல் இருந்தது. 2025 ஜூலையில் ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் தாங்களே தொகுப்புகளை ஏற்றும் ஏயூஆர் கிடங்கில், ஃபயர்ஃபாக்ஸ் பேட்ச் என்பது போன்ற பெயர்களில் வந்த தொகுப்புகள் கணினியைத் தொலைவிலிருந்து ஆளும் நிரலை இறக்கின. எல்லாமே பயனர் தாமாகவே விரும்பி நிறுவியவை. பாஸ்வேர்டையும் தாமாகவே தட்டிக் கொடுத்திருப்பார்கள்.

2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் வெளிப்பட்ட பின்கதவு இன்னும் பெரிய பாடம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அது அகப்பட்டது. அடையாளப் பட்டியலை வைத்துத் தேடும் எந்த நிரலும், யாரோ ஒருவர் முதலில் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆன்டிவைரஸ் என்பதே எல்லா வகைக் கோப்பையும் பிரித்துப் பார்க்கும் நிரல். பிரித்துப் பார்க்கும் நிரலில் ஓட்டை இருந்தால் அதுவே வாசலாகிவிடும். 2023 பிப்ரவரியில் க்ளாம்ஏவியிலேயே அப்படி ஒன்று வந்தது: ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வகைக் கோப்புகளை அலசும் பகுதியில் கடுமையான ஓட்டை. 1.0.1 பதிப்பில் சரிசெய்தார்கள். சர்வரில் வைத்திருப்பவர்கள் இதையும் மற்ற மென்பொருள்களைப் போலவே உடனுக்குடன் அப்டேட் செய்யத்தான் வேண்டும்.

மடிக்கணினிகளில் இப்போது நான் செய்வது இவ்வளவுதான். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக நிறுவப்படுகின்றன. ரெப்போவில் இருப்பதை ரெப்போவிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏதோ ஒரு பக்கத்தில் கண்ட ஒற்றை வரிக் கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டி, முழு அதிகாரம் தரும் சூடோ பாஸ்வேர்டு கொடுப்பதற்குத் தடை. பிரவுசர் நீட்சிகளும் என்னைக் கேட்டுத்தான். ஐஎஸ்ஓ இறக்கினால் கையொப்பத்தைச் சரிபார்க்கிறேன். ரூட் உரிமை கிடைக்காவிட்டாலும் ஹோம் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் ஒரு கெட்ட நிரலால் படிக்கவும் பூட்டவும் முடியும். எஸ்எஸ்ஹெச் சாவி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் தினமும் பேக்கப் எடுத்து, ஒரு பிரதியைக் கணினியோடு இணைக்காமல் தனியே வைக்கிறேன்.

ரூட்கிட் எனப்படும் ஒளிந்திருக்கும் கெட்ட நிரல்களைத் தேடும் ஆர்கேஹண்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது தரும் பொய் எச்சரிக்கைகளைப் பிரித்தறியப் பொறுமை இருந்தால் சர்வரில் போடலாம். வீட்டுக் கணினிக்கு அவசியமில்லை. நிறுவன விதி ஆன்டிவைரஸ் கட்டாயம் என்று சொன்னால் க்ளாம்ஏவியையே போட்டு, இரவில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவிலிருந்து வந்தவற்றையும் மட்டும் ஸ்கேன் செய்ய, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் எழுதிவிடுங்கள். க்ளாம்டி சேவையைக் கொண்டு சோதிக்கும் க்ளாம்டிஸ்கேன் "பெர்மிஷன் டினைட்" என்று சொன்னால் பதற வேண்டாம். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தச் சேவை தனிப் பயனர் பெயரில் ஓடுவதால் உங்கள் ஃபோல்டரைப் படிக்க அதற்கு அனுமதி இல்லை. கோப்பை நம் அனுமதியோடு திறந்து சேவையிடம் கொடுக்கும் எஃப்டிபாஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் படித்துவிடும்.