ஹட்டன் ஈரத்துக்கு மர பெஞ்சா, பொக்ஸ் பார் பெஞ்சா?

முந்தா வருஷம் பெப்ரவரில நான் மரத்துல ஒரு வேர்க் பெஞ்ச் அடிச்சேன், அதே மாசம் மச்சான் பொக்ஸ் பார், அதான் உள்ள வெறுமையா இருக்குற சதுர இரும்பு குழாய், வெட்டி வெல்டிங் பண்ணி இரும்புல ஒண்ணு செஞ்சாரு. ரெண்டுமே 6 அடி நீளம், 2 அடி அகலம், கீழ லாச்சி, இழுப்பறைன்னு சொல்றது தான். ரெண்டு வீடும் இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் தான், ஒரே மழை ஒரே பனி. நான் மரத்து பக்கம் தான் பேசுவேன், இப்பவே சொல்லிடுறேன்.

பலத்த பத்தி ரொம்ப யோசிக்க தேவல்ல. 4 இஞ்சிக்கு 4 இஞ்சி கால் வச்சு போல்ட் போட்டு இறுக்கினா மரமும் ஆடாது. சீக்கிரம் முடியுறது இரும்பு, அவருக்கு ரெண்டு நாள், எனக்கு ஒரு மாசத்து ஞாயித்துக்கிழமை எல்லாம் போச்சு.

ஆனா மே மாசம் மழை புடிச்ச பெறகு தான் கூத்து. ராத்திரி குளிர்ல இரும்பு சில்லுன்னு ஆயிடுது, விடிஞ்சு காத்து கொஞ்சம் சூடாகி ஈரத்தோட உள்ள வந்தா மச்சானோட தகர லாச்சி முழுக்க முத்து முத்தா வேர்க்குது. உள்ள கெடந்த உளி, டிரில் பிட் எல்லாம் செம்பட்டையா போச்சு, லாச்சி ஓடுற சேனலும் துரு புடிச்சு கிரீஸ் போட்டா தான் நகரும். மேல போட்ட எம்டிஎப், அதான் மர நார அழுத்தி செஞ்ச பலகை, ஓரம் டீயில ஊறின பாண் மாதிரி ஊதி நிக்குது.

மரம் அப்பிடி வேர்க்காது. ஆனா நான் செஞ்ச முட்டாத்தனத்தயும் சொல்லணும். காஞ்ச மாசத்துல லாச்சிய கச்சிதமா, காத்து கூட போகாத மாதிரி செஞ்சு பெருமையா எல்லாருக்கும் இழுத்து காட்டுனேன், ஜூன்ல ஒண்ணும் தொறக்கல, பின் பலகைய கழட்டி தான் இழைப்புளிய வெளில எடுத்தேன். மரம் நீளவாட்டுல அவ்வளவா கூடாது, ரேகைக்கு குறுக்கால தான் ஊதும், லாச்சியோட பக்கப் பலகைக்கு அது உயரம். அதனால வெயில் காலத்துல செஞ்சா மேல 3 மில்லிமீட்டராவது விடுங்க, மழைல செஞ்சா இறுக்கமா செய்யலாம், பெறகு சுருங்கத்தான் செய்யும். சேனலே போடல, மர சட்டம் தான், மெழுகுவத்திய தேச்சு விட்டா வழுக்கிட்டு வருது. அடிக்கு அப்பாவோட பழைய தேயிலப் பெட்டி பிளைவுட், பசை போடாம காடில, அதான் பலகைல வெட்டின பள்ளத்துல, சொருகினது.

மேல் பலகைக்கும் இதே கணக்கு தான். யூகலிப்டஸ், எங்க பக்கம் டர்பன்டைன்னு சொல்லுவாங்க, கனமான மரம் ஆனா வெடிக்கிற புத்தி உண்டு. பலகை ஊதி சுருங்க எடம் இருக்கணும்னு ஸ்க்ரூ ஓட்டைய வட்டமா இல்லாம நீட்டமா போடணும், நான் ஒரு பலகைல அத மறந்தேன், அது கீறி நிக்குது. வார்னிஷ் அடிச்சா அடிப்பக்கமும் அதே அளவு அடிங்க, இல்லாட்டி பலகை கிண்ணம் மாதிரி வளஞ்சிடும்.

நீங்க கிரைண்டர் போடுறவங்க, பைக் எஞ்சின கழட்டி வைக்கிறவங்கன்னா மச்சான் வழி தான் சரி, தீப்பொறிக்கும் ஒயிலுக்கும் மரம் லாயக்கில்ல. அப்பவும் லாச்சிய மட்டும் மரத்துல செய்யுங்க. அவரே போன மாசம் தகரத்த கழட்டி போட்டுட்டு பிளைவுட்ல மாத்திட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல, சிரிச்சதோட சரி.

கறையான் விசயத்துல மட்டும் நான் பெருசா பேச மாட்டேன், இன்னும் ரெண்டு மழைக்காலம் தான் ஆகியிருக்கு. கால் நேரா சிமெந்து தரைல நின்னா ஈரத்த உறிஞ்சும்னு பழைய டயர வெட்டி நாலு காலுக்கும் அடில வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒருக்கா டோர்ச் அடிச்சு பாக்குறேன்.