சிம் மாற்றிய அன்று சிலிண்டர் திரும்பிப் போனது

மூன்று வாரம் மன்னார்குடியில் இருந்துவிட்டு மெல்பர்ன் திரும்பியாயிற்று, ஆனால் அந்த வியாழக்கிழமை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அப்பா இன்னமும் பட்டன் போன்தான். 2003-ல் இன்கமிங் இலவசமானபோது வாங்கிய அதே நம்பர். பேரப்பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசட்டும் என்று 5ஜி போன் ஒன்று கொண்டுபோயிருந்தேன். பழைய சிம்மில் 4ஜி கூட எடுக்காது, அளவும் பெரிது. காலையிலேயே கடைத்தெருவுக்குப் போய், அப்பாவை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் புது சிம் வாங்கிவிட்டோம்.

மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. "ஐயா, மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றார் கொண்டுவந்த தம்பி. வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னோம், அப்பவும் வரவில்லை. வாசல்படியில் சிலிண்டரை வைத்துக்கொண்டு அவர் வெயிலில் நிற்கிறார், அப்பா புது போனை எப்படித் திறப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டே இருக்கிறார், அம்மா அடுப்பில் பாதி வெந்த சாம்பாரோடு உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். கடைசியில், "நம்பர் இல்லாம கொடுக்க முடியாதுங்க" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கஸ்டமர் கேரில் அப்புறம்தான் சொன்னார்கள், சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நின்றுவிடுமாம். அடுத்தவர் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, ஓடிபி பிடித்து, வங்கிக் கணக்கைத் துடைக்கிறவர்களுக்காகப் போட்ட விதி. நல்ல விதிதான். ஆனால் அதைக் கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மறுநாள் மாற்றியிருப்போமே! எழுபத்தாறு வயது மனிதருக்கு கேஸ், பென்ஷன், வங்கி எல்லாமே அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன.

ஒரு காலத்தில் ஒரு மிஸ்டு கால் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வா. அவ்வளவுதான் எங்கள் ஓடிபி.

மெல்பர்னில் 2ஜி போய் வருஷங்கள் ஆகின்றன, 3ஜியையும் 2024 அக்டோபரோடு மூடிவிட்டார்கள். அப்பாவின் போனை இங்கே கொண்டுவந்தால் அது வெறும் டப்பா. ஊரில் 2ஜி இன்னும் ஓடுகிறது, அது அப்படியே ஓடட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஏனென்றால் சனிக்கிழமை சிலிண்டர் வந்து இறங்கியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இந்தச் சிம்மை என் பழைய போன்ல போட்டுக் கொடுத்துடுப்பா." அடாப்டர் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். சட்டென்று டவர் எடுத்தது.