ஜப்பானில் கரே ரைஸ்: செயின் கடையா, மோஜிகோவின் சின்னக் கடையா?

ஜப்பான் போகிறவர்களிடம் கரே ரைஸ் (சோற்றோடு தரும் ஜப்பானியக் கறிக்குழம்பு) சாப்பிடுங்கள் என்றால், "நம்ம குழம்பை அங்கே போய் எதுக்குச் சாப்பிடணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது நம்மிடமிருந்து நேராக அங்கே போகவில்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) ஆங்கிலேயர் வழியாகப் போனது. 1872-லேயே ஜப்பானியச் சமையல் புத்தகங்களில் செய்முறை வந்துவிட்டது; 1908-இல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டிலும் இருக்கிறது. கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்து, கறித்தூள் சேர்த்து, கெட்டியாகக் காய்ச்சுவார்கள். தாளிப்பு இல்லை, புளி இல்லை. இனிப்பு தூக்கல். வீட்டில் சமைக்க, சாக்லேட் போல உடைத்துப் போடும் கரே கட்டி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். 1963-இல் வந்த 'வெர்மான்ட் கரே' என்ற கட்டி பெயரெடுத்ததே அதில் சேரும் ஆப்பிளுக்கும் தேனுக்கும்தான்.

சரி, எங்கே சாப்பிடுவது? பயணிக்கு முதலில் கண்ணில் படுவது கொக்கோ இச்சிபான்யா என்ற செயின் கடை. 1978-இல் நகோயாவை ஒட்டி ஒரே கடையாக ஆரம்பித்தது, இன்று பெரிய ஊர்களில் எங்கே திரும்பினாலும் இருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யலாம்: சோறு எத்தனை கிராம், காரம் எத்தனையாவது படி, மேலே கட்லெட்டா, கீரையா, கத்திரிக்காயா, சீஸா. காரத்தில் 5-ஆம் படிக்கு மேல் கேட்பவர் ஏற்கெனவே 5 சாப்பிட்டுப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் நம் ஆட்கள் "நமக்கென்ன" என்று எடுத்தவுடன் மேலே ஏறிவிட வேண்டாம். ஏறும் படிகளில் கூடுவது வெறும் மிளகாய்க் காரம்தான், மசாலா வாசனை அல்ல. 3-க்கு மேல் எனக்குச் சுவை எதுவும் கூடியதாகத் தெரியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நான் நிறுத்துவது மோஜிகோ. ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷூ தீவின் வடக்கு முனை, கிடாகியூஷூ நகரத்தின் பழைய துறைமுகப் பகுதி. அதே நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கொகுராவிலிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம். 1914-இல் கட்டிய மர ரயில் நிலையமே பார்க்க வேண்டிய ஒன்று. இந்த ஊரின் சாப்பாடு 'யாகி கரே', அதாவது அடுப்பில் சுட்ட கரே. 1950-களின் பிற்பாதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ, இங்கிருந்த ஒரு காபிக் கடையில் மீந்த கரேயைச் சோற்றின் மேல் ஊற்றி ஓவனில் வைத்துப் பார்த்தார்கள், வாசனை நன்றாக வரவே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. இன்று நிலையத்தைச் சுற்றித் தெருவுக்குத் தெரு யாகி கரே பலகை.

கடற்கரை ஓரமாக, கண்ணாடிச் சுவரும் கூட்டமுமாக இருக்கும் கடைகளில் சாப்பாடு மோசமில்லை. ஆனால் நான் சொல்ல வருவது உள்ளே தள்ளி, பாதி ஷட்டர் இறங்கிய கடைத்தெருப் பக்கம் நான் நுழைந்த மாதிரியான இடங்களை. கவுண்டரில் சில நாற்காலிகள், சுவரோரம் இரண்டு மேசை. கணவர் அடுப்படியில், மனைவி வெளியே. ஒரு பெரியவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. காரம் எவ்வளவு, சோறு எவ்வளவு என்ற பேச்சே இல்லை. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: காபி இப்போதா, சாப்பிட்ட பிறகா?

கரே வர நேரமாகும். ஓவன் என்ன அவசரமா பார்க்கும்? வரும்போது மரப்பலகையில் வைத்த மண் தட்டு, ஓரமெல்லாம் கொதித்துக்கொண்டு வரும். சீஸ் அங்கங்கே பழுப்பேறி இருக்கும். நடுவில் பாதி வெந்த முட்டை. மஞ்சள் கருவை உடைத்துக் கலந்தால் கரேயின் காட்டம் அடங்கி, வாய்க்கு வழவழப்பாகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது அடியில் இருக்கும் சோறு: தட்டின் சூட்டில் ஒட்டி, லேசாக முறுகி, ஸ்பூனால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். செயின் கடையில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த அடிச்சோறு வராது, ஏனென்றால் அங்கே சோறும் கரேயும் தட்டில்தான் முதல் தடவை சந்திக்கின்றன. சின்னக் கடைக்காரர்கள் பலர் கரேயை ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள்தான் பரிமாறுகிறார்கள். இரண்டாம் நாள் கரேதான் ருசி என்பது ஜப்பானிய வீடுகளிலும் எல்லாரும் சொல்வது. நம் மீன்குழம்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. செயினில் மேலே நாலு அயிட்டம் போட்டுக்கொண்டால், சின்னக் கடையில் காபியோடு சாப்பிடும் தொகைக்கு வந்துவிடும்.

அப்புறம், சைவம். இங்கே சின்னக் கடைக்கு வக்காலத்து வாங்க முடியாது. 'காய்கறி கரே' என்று எழுதியிருந்தாலும் குழம்பில் மாட்டு அல்லது பன்றிக் கொழுப்பும் எலும்புச் சாறும் இருக்கும். துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்குச் சரி, கறாரான சைவக்காரர்களுக்கு ஆகாது. ராத்திரியே காய்ச்சி வைத்த பானையை உங்களுக்காக மாற்றவும் முடியாது. கேட்டால் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள். கொக்கோ இச்சிபான்யாவில் அசைவப் பொருள் சேர்க்காத குழம்பு பல கிளைகளில் உண்டு, ஒவ்வாமைப் பட்டியலும் தருவார்கள். குடும்பத்தோடு, ஆளுக்கொரு நாக்கோடு போகிறவர்கள் தயங்காமல் அங்கேயே போகலாம்.

மற்ற ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். கனஸாவாவில் கரே கருப்பாக, கெட்டியாக, ஸ்டீல் தட்டில் கட்லெட்டும் துருவிய முட்டைக்கோஸுமாக வரும், முள்கரண்டியால் சாப்பிட வேண்டும். வயிறு நிறையும், அவ்வளவுதான். யோகோசுகாவில் கடற்படைக் கரேயோடு சாலட்டும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம், சரித்திரப் பிரியர்களுக்கு. சப்போரோவின் சூப் கரே மட்டும் உண்மையான போட்டி. மாவு சேர்க்காத தண்ணிக் குழம்பு, முழுக் கோழிக்கால், பொரித்த பூசணி, கத்திரி, சோறு தனித்தட்டில். மசாலா வாசனை மூக்கில் ஏறும். நம் நாக்குக்கு எது என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு சப்போரோவுக்கு. ஆனால் ஒரு ஊரில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட நிறைவுக்கு மோஜிகோதான்.

போகிறவர்கள் கவனிக்க: சின்னக் கடைகள் வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும், மதியம் 2 மணிக்கு மேல் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும், பானை காலியானால் அதற்கு முன்பே பலகை திரும்பிவிடும். கையில் ரொக்கம் இருக்கட்டும். டிப்ஸ் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்கப் பின்னாலேயே ஓடி வருவார்கள். கதவு சாத்தியிருந்தால் படகுத்துறைக்கு நடங்கள். ஐந்து நிமிடத்தில் எதிர்க்கரை ஷிமோனோசெக்கி, இறங்கினால் பக்கத்திலேயே கராத்தோ மீன் சந்தை. சனி, ஞாயிறு பகலில் அங்கே சூஷி கடை விரித்திருப்பார்கள்.