இல்லாத சாவிய எடுக்கப் போயி: வீல்சேர்லேர்ந்து மூணு வருஷ விஆர் அனுபவம்

மன்னார்குடியிலேர்ந்து நம்ம தம்பி ஒருத்தன், அவனும் வீல்சேர்தான், நேத்து ராத்திரி போன் போட்டு "அண்ணே, விலை எறங்கிருக்காம், விஆர் ஹெட்செட் ஒண்ணு வாங்கிரவா"ன்னான். விஆர்னா வர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணுல மாட்டிக்கிட்டா கேமுக்குள்ளயே நிக்கிற மாதிரி சுத்திவரக் காட்டுற பெட்டி. போன்ல சொன்னா விடிஞ்சிரும், அதான் எழுதுறேன். சிப்பு, ஸ்டோரேஜ், ரெசல்யூஷன் எல்லாம் யூட்யூப்ல கரைச்சுக் குடிச்சிருப்பீங்க, அதுக்குள்ள போவல. கம்பெனி பேரும் வேணாம். சென்னையில செகண்ட் ஹேண்டா 24 ஆயிரத்துக்கு எடுத்தேன், மூணு வருஷம் ஆச்சு. எனக்கு சின்ன வயசுல போலியோ, ரெண்டு காலும் வராது, கைக்கு ஒண்ணும் குறையில்ல.

என் பிரச்சனை ஒண்ணே ஒண்ணு. உசரம்.

மொத நாளே ஹெட்செட் தரை எங்கன்னு கேக்கும், கையில புடிக்கிற கன்ட்ரோலரால தொட்டுக் காட்டணும், அங்கேர்ந்து நம்ம உசரத்த அதுவே அளந்துக்கும். காட்டுனேன். அதுக்கப்பறம் எந்த கேம் போட்டாலும் நான் எட்டு வயசுப் பையன். எதிர்ல நிக்கிறவன் இடுப்புக்கு நேரா என் மூஞ்சி, மேசை மேல என்ன இருக்குன்னு தெரியல, அலமாரி எட்டல. பேங்க் கவுன்டர்ல தெனம் ஓசியில கெடைக்கிற அனுபவத்த 24 ஆயிரம் குடுத்து வாங்கி மூஞ்சில மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

அக்கா மவன்தான் ஒரு திருட்டு வேலை கண்டுபுடிச்சான். எங்க வீடு திருவையாத்துல பழைய வீடு, வாசல் தெருவைவிட ரெண்டு அடி உசரம், ராம்ப் போட்டிருக்கோம். நான் ராம்ப் மேல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க, அவன் கீழ தெருவுல குனிஞ்சு கன்ட்ரோலர தரையில வச்சான். தெருதான் தரைன்னு ஹெட்செட் ஏமாந்துருச்சு, நான் ரெண்டு அடி ஒசந்துட்டேன்! அப்டியே கூடத்துக்கு உருட்டிக்கிட்டு வந்தா எல்லாரையும் நேருக்கு நேர் கண்ணப் பாத்துப் பேசலாம். (இத செய்யிறவங்க வெயில் தாழ்ந்தப்பறம் செய்யுங்க, வெயில்ல கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு ஹெட்செட்டுக்கு சரியா தெரியாது, லென்ஸ்ல வெயில் விழுந்தா உள்ள ஸ்கிரீன் பொசுங்கிரும், பூதக்கண்ணாடி வச்சு பேப்பர் கொளுத்துவோமே அதே கதைதான்.) இப்டி எட்டு மாசம் தெருவத் தொட்டுத் தொட்டு ஓட்டுனப்பறம் பாத்தா, செட்டிங்ஸ்ல நாலு மெனு உள்ள போனா உசரத்த ஏத்துற பட்டன் ஒண்ணு இருக்கு. இருக்குன்னு ஒரு வார்த்த மொத நாள் சொல்லித் தொலைச்சா என்னங்க?

சரி, அலமாரி எட்டுது. இப்ப கீழ விழுந்தது எட்டல! உசரம் ஏத்துனா தரை இன்னும் கீழ போயிருதுல்ல. ஒரு கேம்ல பூட்டுக்கு சாவி எடுக்கணும், கை தவறி விழுந்துருச்சு, நானும் குனிஞ்சேன், கன்ட்ரோலர் வீல்ல டக்குனு இடிச்சுச்சே ஒழிய தரையத் தொடல, இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன், மூஞ்சில அரை கிலோ வேற தொங்குது, வண்டி அப்டியே முன்னால குடைசாயப் போச்சு. அம்மா அடுப்படியிலேர்ந்து ஓடியாந்து சட்டைய புடிச்சு இழுத்து, "இல்லாத சாவிய எடுக்கப் போயி இருக்குற பல்ல உடைச்சுக்காதடா"ன்னு ஒரு கத்து கத்துச்சு. அன்னிக்கு தூக்கிப் போட்டதுதான், அந்த கேம தொடவே இல்ல.

இது ஒண்ணும் யாருக்கும் தெரியாத ரகசியம் கெடையாது. வெப்புக்கு விதி எழுதுற டபிள்யூ3சி 2021-லயே இதுக்குன்னு ஒரு ஆவணம் போட்டிருக்கு, உடம்ப இப்படித்தான் அசைக்கணும்ங்கற கட்டாயம் இல்லாமயே எல்லாத்தையும் செய்ய முடியணும்னு அதுல இருக்கு. கீழ விழுந்தத தூரத்துலேர்ந்தே காட்டி இழுத்துக்க ஒரு பட்டன் வச்சா முடிஞ்சுது, வச்சிருக்கிற கேமும் இருக்கத்தான் செய்யிது. வைக்கிறவன் வைக்கிறான், வைக்காதவன் "ஸ்டாண்ட் அப்"னு போர்டு காட்டுறான். கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசி இருந்தா பிசியில விஆர் ஓட்டுற ஸ்டீம்விஆர்ல வாக்கின்விஆர்னு ஒரு சாஃப்ட்வேர் கெடைக்கும், உசரம், கை எட்டுற தூரம் எல்லாத்தையும் அதுவே ஏமாத்திக் குடுக்கும். எனக்கு பிசி இல்ல.

வேர்வைக்கு அந்த முகப் பஞ்சு தாங்காது, சித்திரையில ரெண்டு வெள்ளத்துணி மாத்திக்குங்க. கன்ட்ரோலர் குச்சி தானா நகர ஆரம்பிச்சு திருச்சில ஒருதரம் ரிப்பேர். போதும்.

ஒரு விஷயத்துல மட்டும் நாமதான் ராஜா. சோபாவுல உக்காந்து ஆடுறவன் பின்னால திரும்ப முடியாம கழுத்த முறிச்சுக்கிறான், நமக்கு ஒரு வீல முன்ன ஒரு வீல பின்ன, அவ்ளோதான்.

அத முழுசா அனுபவிச்சது ஆடிப்பெருக்கு வீடியோவுல. 2024-ல மேட்டூர ஜூன் 12 தொறக்கல, ஜூலை 28-க்குத்தான் தொறந்தாங்க, பதினெட்டுக்கு தண்ணி வந்துருமான்னு ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு. வந்துச்சு. அக்கா மவன் யார்கிட்டயோ சுத்தி எல்லா பக்கமும் ஒரே நேரத்துல எடுக்குற 360 கேமரா எரவல் வாங்கி புஷ்ய மண்டபப் படித்துறையில கடைசிப் படி வரைக்கும் எறங்கி எடுத்துட்டு வந்தான். இதுல தரைய தொட்டுக் காட்ட வேணாம், எந்த செட்டிங்கும் வேணாம், கேமரா அவன் தலை உசரத்துல இருந்துச்சு, நானும் அந்த உசரம். முன்னால செம்மண் கலர்ல தண்ணி, ஒரு காதோலை கருகமணி சுத்திக்கிட்டே போவுது. வண்டியத் திருப்புனா பின்னால பொம்பளைங்க மஞ்சக் கயிறு கட்டிக்கிறாங்க, ஒரு பொடியன் சப்பரத்த படியில இழுக்கத் தெரியாம இழுத்து சக்கரத்த உடைச்சுட்டு நிக்கிறான். அந்தப் படிக்கு நான் கடைசியா போனது அப்பா முதுகுல. பதினோரு நிமிஷ வீடியோ, எத்தன தடவை பாத்தேன்னு கணக்கில்ல. அம்மாவுக்கும் மாட்டிவிட்டேன், அது கால தூக்கி மேல வச்சுக்கிச்சு, புடவை நனைஞ்சிருமாம்.

ஆனா இந்த ஒரு சந்தோஷத்துக்காக மத்த தொல்லையெல்லாம் காசு குடுத்து வாங்கணுமா? அதனால தம்பி, வாங்காத. விலை எறங்குனாலும் வேணாம். ரெண்டு பஸ் மாறணும்னு பாக்காம ஒரு நாள் இங்க வந்து போட்டுப் பாரு, சோறு போடுறேன். "அப்ப உங்களோடத எனக்குக் குடுத்துருங்கண்ணே"ன்னு மட்டும் கேட்டுறாத.